இடது பின்சக்கரத்து எலுமிச்சம்பழம்

மெக்கானிக் அருளானந்தம் சொன்ன கதையை மாசிலாமணி பதினோரு வருஷமாக நம்பவில்லை. முழுசாக நம்பாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. அதுதான் அவருடைய கஷ்டம்.

அவர் நில அளவைத் துறையில் சர்வேயர். வாய்க்கால் காலங்காலமாக இந்தப் பக்கம்தான் ஓடியது என்று ஊரே திரண்டு வந்து சத்தியம் செய்தாலும், “இருக்கட்டும், எதுக்கும் அளந்துடலாம்” என்பார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு எலுமிச்சம்பழத்தை அளந்துவிட்டு, அதில் மிஞ்சிய கால் அங்குலத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் நிம்மதி கெட்டார் என்றால், அந்தக் கதை லேசுப்பட்டதாக இருக்க முடியாது.

மாசிலாமணியிடம் ஒரு பழைய வெளிநாட்டுக் கார் இருந்தது. கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவர் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் கார் தன் உயரத்தைத் தானே கூட்டிக்கொள்ளும், குறைத்துக்கொள்ளும். வாங்கின புதிதில் வாசலில் நிறுத்தி அக்கம்பக்கத்தாருக்கு ஏற்றி இறக்கிக் காட்டுவார். இரண்டாம் வருஷத்திலிருந்து அது யாரும் கேட்காமலே இறங்க ஆரம்பித்தது. சக்கரத்துக்கு மேலே இருக்கிற காற்றுப்பையில் காற்றுக் கசிந்தது; ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தது. சாயங்காலம் நிமிர்ந்து நின்ற வண்டி, காலையில் பார்த்தால் இடது பின்பக்கத்தைத் தரையில் வைத்துக்கொண்டு, படுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற எருமை மாதிரி இருக்கும்.

அந்த இடது பின்பக்கம்தான் அவருடைய மனைவி அகிலாண்டம் உட்காரும் இடம். முன்சீட்டில் உட்கார்ந்தால் எதிரே வருகிற லாரியெல்லாம் தன் மடியில் ஏற வருவது போல இருக்கிறது என்று அவள் எப்போதும் பின்னால்தான் உட்காருவாள். ஏற்கெனவே இடுப்பு வலி. ஒரு தடவை கொடைக்கானலில் இருக்கிற அக்கா வீட்டுக்கு அந்தக் காரில் போனாள். மலைப்பாதையின் ஒவ்வொரு கல்லும் அவளைத் தனித்தனியாக விசாரித்துவிட்டு அனுப்பியது. அக்கா வீட்டு வாசலில் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்:

“அந்த மூலையைச் சரி பண்ணிட்டு வந்து என்னைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான். பஸ்ஸுலயும் வர முடியாது. அக்காவும் இருன்னுதான் சொல்றா.”

மூன்று வாரம் ஆயிற்று. மாசிலாமணி மூன்று வாரமும் தயிர்சாதம் சாப்பிட்டார். நகரத்துக் கம்பெனியில் கேட்டதற்கு, நாலு மூலையையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும், சாமான் கப்பலில் வர மூன்று மாசம் ஆகும் என்றார்கள். மூன்று மாசத் தயிர்சாதத்தை நினைத்துப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே வண்டியை வத்தலக்குண்டு பைபாஸில் இருக்கும் அருளானந்தத்தின் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“மாத்தணுமாண்ணே, இல்ல ரிப்பேர் போதுமா?” என்று கேட்டார்.

அருளானந்தம் காருக்கு அடியில் இருந்தார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பாதங்கள் கொஞ்ச நேரம் யோசித்தன.

“சின்னாளபட்டி சேலைக்கடைக் கோதண்டபாணி முதலாளியும் இதையேதான் சார் கேட்டாரு.”

பக்கத்து ஷெட்டில் கதவு ஒன்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கர் சேவியர் சுத்தியலைக் கீழே வைத்தான். “ஆரம்பிச்சாச்சு” என்றான். லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்ற வந்து காத்திருந்த டிரைவர் முத்திருளாண்டி, ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு அதன்மேல் வசதியாக உட்கார்ந்தார்.

“அவரு வண்டியும் இதே ரகம்தான்” என்றது காருக்கு அடியிலிருந்து வந்த குரல். “ஆனா நாலு மூலையும் லீக். எவ்வளவு லீக்குங்கறீங்க? சந்தைக்கு வெளிய நிறுத்திட்டு முதலாளி உள்ள போயி ரெண்டு கத்திரிக்கா பொறுக்கிட்டு வர்றதுக்குள்ள, வண்டி ரோட்டோட ரோடாப் படுத்துருச்சு. ரோட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் வந்து, புது ஸ்பீட் பிரேக்கர் போட்டிருக்காங்கன்னு நெனச்சு வெள்ளைக் கோடு போட்டுட்டுப் போயிட்டான்.”

“உள்ள டிரைவர் இல்லையா?” என்றார் முத்திருளாண்டி.

“இருந்தான். அவன் சட்டையிலயும் ஒரு கோடு.”

“சத்தம் போட வேண்டியதுதான?”

“தூங்கிட்டான்யா. ரெண்டு மொபெட்டு மேல ஏறிப் போயிருக்கு. அதுக்கப்புறம் வந்த மாட்டு வண்டிக்காரன்தான் நல்ல மனுஷன். என்னடா இது, ஸ்பீட் பிரேக்கர் கொறட்டை விடுதுன்னு இறங்கிப் பாத்திருக்கான்.”

சேவியர் மாசிலாமணியைப் பார்த்தான். மாசிலாமணி வண்டியைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கதை வேண்டியிருக்கவில்லை, பதில்தான் வேண்டியிருந்தது. ஆனால் அருளானந்தத்திடம் பதில் மட்டும் தனியாகக் கிடைக்காது என்பது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அருளானந்தம் வெளியே வந்தார். குட்டையான மனுஷர். மூக்கு நுனியில் கிரீஸ். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, பிரஷ்ஷால் காற்றுப்பை மேல் தடவினார். கசிகிற இடத்தில் குமிழி வரும். அதுதான் கண்டுபிடிக்கிற முறை. மாசிலாமணியின் காரில் கடுகு அளவுக்கு ஒரு வரிசை குமிழி வந்தது.

“இதெல்லாம் ஒரு குமிழியா?” என்றார் அருளானந்தம் வருத்தத்தோடு. “முதலாளி வண்டிக்கு இதே சோப்புத் தண்ணி அடிச்சேன். மொதக் குமிழி தேங்கா அளவு. ரெண்டாவது பூசணிக்கா. மூணாவது கெளம்பும்போது, அந்தப் பக்கமா மேஞ்சுக்கிட்டு வந்த ஒரு ஆடு, என்னடான்னு மோந்து பாத்துச்சு. உள்ள போயிருச்சு.”

“குமிழிக்குள்ள?”

“குமிழிக்குள்ளதான். ஆட்டோட சேந்து குமிழி மேல கெளம்பிருச்சு. நாங்க கீழ இருந்து பா பான்னு கூப்புடுறோம், அது மேல இருந்து எங்களப் பாத்துக்கிட்டே போகுது. நெலக்கோட்டைப் பூ மார்க்கெட்ல போயி இறங்குச்சு. ஒரு முடி நனையல.”

“குமிழி எத்தனை அடி விட்டம் இருக்கும்?” என்று மாசிலாமணி கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பழக்கம்.

“ஆடு நின்னபடியே போச்சு சார். நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.”

“ஆட்டுக்காரன் சும்மா விட்டானா?” என்றான் சேவியர்.

“வந்தான். ஆடு பறந்ததுக்கெல்லாம் அவன் ஒண்ணும் சொல்லல. இறங்குன எடத்துல மல்லியப்பூவா தின்னு பழகிருச்சாம். இப்பப் புல்லக் காட்டுனா மூஞ்சியத் திருப்பிக்குதாம். அதுக்குத்தான் ஒரே பொலம்பல்.”

முத்திருளாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். “சரி, லீக்க எப்பிடி அடச்சீங்க? அதச் சொல்லுங்க.”

“அங்கதான் விஷயமே. காத்துப்பையில நாப்பத்தேழு ஓட்டை. ஒண்ணுக்கு ஒட்டுப் போட்டா அதுக்குப் பக்கத்துல ஒழுகுது. மூணு நாள் மண்டையப் பிச்சுக்கிட்டேன். நாலாம் நாள், எதிர்த்தாப்புல ஜிகர்தண்டாக் கடையில பாதாம் பிசின் ஊறப் போட்டிருந்தான். கையளவு கட்டியப் போட்டா மறுநாள் குண்டா நெறஞ்சு நிக்கும் பாருங்க, அந்தச் சாமான். இதவிட நல்ல அடைப்பு உலகத்துல ஏது? மூலைக்குக் கால் கிலோ உள்ள விட்டேன். ஊற வைக்காம விட்டேன். என் வாழ்க்கையில நான் பண்ண ஒரே தப்பு அதுதான்.”

“ஒரே தப்பு” என்றான் சேவியர்.

“மத்ததெல்லாம் உன்கூடச் சேந்து பண்ணது.” அருளானந்தம் ஸ்பானரை எடுத்து ஒரு நட்டைத் தளர்த்தினார். “முதலாளி வண்டிக்குள்ள ஏசியப் போட்டுக்கிட்டுப் பேப்பர் படிக்கிறாரு. உள்ள இருக்கிற எண்ணெய்யும் தண்ணியும் பட்டுப் பிசின் ஊற ஆரம்பிச்சுது. வண்டி ஏறுது. பஸ் ஒசரம். அவரு நிமிந்து பாக்கல. மாடி ஒசரம். அப்பவும் பாக்கல. தென்ன மட்ட கண்ணாடியில ஒரசுனப்பத்தான் தலையத் தூக்குனாரு. கண்ணாடிய இறக்கி ஒரு எளநியப் பறிச்சுக்கிட்டு, ‘போதும் அருளானந்தம்’னாரு. எனக்குக் கேக்கல. அவ்வளவு ஒசரம்.”

“கேக்காம, அவரு போதும்னு சொன்னது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் முத்திருளாண்டி.

“அப்புறம் போன் பண்ணிச் சொன்னாரு.”

“டயரும் மேல போயிருச்சா?”

“டயர் தரையிலதான்யா நிக்குது. நடுவுல இருக்கிற ஷாக்குதான் நீண்டுக்கிட்டே போகுது. ரெண்டு கொடைக்கானல் பஸ்ஸு வண்டிக்கு அடியிலயே பூந்து போச்சு. மூணாவது பஸ் டிரைவரு, கோயில் நுழைவாசல்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனாரு. மேல இருந்து முதலாளி மறுபடி போன் பண்றாரு. கொடைக்கானல்ல மழை வருதாம், துணி காயப் போட்டவங்கள எடுக்கச் சொல்லுன்னு.”

“அங்கருந்து நாயுடுபுரம் தெரிஞ்சிருக்குமா?” என்று மாசிலாமணி கேட்டுவிட்டார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். நாயுடுபுரத்தில்தான் அகிலாண்டத்தின் அக்கா வீடு. மொட்டை மாடியில் துணி காயப் போட்டிருப்பாள். தன்னை அறியாமல் வாய் விட்டுவிட்டோமே என்று மாசிலாமணிக்குக் காது சூடானது.

“வீட்டு நம்பரே தெரிஞ்சிருக்கும் சார்” என்றார் அருளானந்தம், ரொம்ப இதமாக.

சேவியர் விடவில்லை. “எப்பிடி இறக்குனீங்க?”

“உப்பு. ஊறுன பிசினுக்கு உப்புன்னாலே ஆகாது, சுருங்கிரும். கருவாட்டுக் கடையில ரெண்டு மூட்டை உப்பு வாங்கிக் கரச்சு, ஒவ்வொரு மூலைக்கும் பம்புல ஏத்துனேன். நிதானமா, குடைய மடக்குற மாதிரி, இறங்கி வந்துச்சு. ஒரு மாசம் வரைக்கும் வத்தலக்குண்டுப் பூன பூராவும் அந்த வண்டிக்குப் பின்னாலதான் போச்சு. அது வேற விஷயம். ஆனா பிசினு நாப்பத்தேழு ஓட்டையிலயும் போயி இறுகிருச்சு பாருங்க. அப்பறம் லீக்காவது, ஒண்ணாவது. சோப்புத் தண்ணி அடிச்சா, தண்ணிதான் வெக்கப்பட்டு வழிஞ்சு போகுது.”

அப்புறம் அவர் தன்னுடைய டீ சோதனைக்கு வந்தார். இந்த ஷெட்டில் வேலை முடிந்த எந்த வண்டியும் விளிம்பு வரை ஊற்றிய டீ கிளாஸைப் பானெட்டில் வைத்து ஒரு சுற்றுப் போய் வராமல் வெளியே போகாது. அது உண்மை. மாசிலாமணியே பலமுறை பார்த்திருக்கிறார். பாதி டீ சிந்தும். அருளானந்தம் மீதியைக் குடித்துவிட்டு ஒரு நட்டை முறுக்குவார்.

“முதலாளி வண்டி கொடைக்கானல் வரைக்கும் போயிட்டு வந்துச்சு சார், பானெட்டுல கிளாஸோட. ஒரு சொட்டு சிந்தல. சிந்தாதது இருக்கட்டும். டீ ஆறி மேல ஆடை கட்டியிருக்கு. அந்த ஆடையில ஒரு சுருக்கம் இல்ல. அதுமேல ஒரு ஈ வந்து உக்காந்து, மலையேறுறதே தெரியாம தூங்கிருக்கு.”

“இதுவும் தூங்குதா?” என்றான் சேவியர். “உங்க கதையில எல்லாமே தூங்குதேண்ணே.”

“சஸ்பென்ஷன் நல்லா இருந்தா தூங்காம என்ன செய்யும்?”

மாசிலாமணிக்கு அந்த வார்த்தை எங்கோ போய் விழுந்தது. அகிலாண்டம் அந்த வண்டியில் ஏறி ஒரு தடவைகூடக் கண்ணை மூடினதில்லை.

“ஆனா சார், வம்பே அதுக்கப்புறம்தான்.” அருளானந்தம் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டார். “வண்டிய எடுக்க நல்ல நாள் பாத்து முதலாளி குடும்பத்தோட வந்தாரு. கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு. முதலாளி எடுத்தாரு. வண்டி போயிருச்சு. திரும்பிப் பாத்தா, நாலு பழமும் அப்பிடியே உக்காந்திருக்கு.”

“உருண்டிருக்கும்” என்றார் முத்திருளாண்டி.

“உருளல. டயர் தடம் பழத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. பழத்து மேல பூவாட்டம் ஏறி இறங்கிருக்கு. சஸ்பென்ஷன் அவ்வளவு பதம். முதலாளி மூஞ்சி செத்துப்போச்சு. பழம் நசுங்காம வண்டிய எடுத்தா கண்ணேறு கழியாதேங்கறாரு. மறுபடி வச்சோம். நசுங்கல. அவரு சம்சாரம், மச்சினன், சித்தப்பா குடும்பம், மொத்தம் பதினோரு பேரு ஏறி உக்காந்து எடுத்தாங்க. நசுங்கல. பூசணிக்கா வச்சோம், ஏறி இறங்கிருச்சு. அப்பளம் வச்சோம். அப்பளம்யா, பொரிச்ச அப்பளம். சத்தம்கூட வரல. சித்தப்பா கோவத்துல ஒரு கோழி முட்டைய வச்சாரு.”

“அதுவும் ஒடையல.”

“ஒடஞ்சுச்சு.”

சேவியர் நிமிர்ந்தான். “அப்பாடா.”

“உள்ளேருந்து குஞ்சு ஒடச்சுச்சு. டயரு பட்ட பதமான சூட்டுல பொரிஞ்சிருச்சு.”

பைபாஸில் ஒரு லாரி போனது. முத்திருளாண்டி தான் உட்கார்ந்திருந்த டயரைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“கடைசியில முதலாளி என்னதான் செஞ்சாரு?”

“வண்டிய வேணாம்னுட்டாரு. பழத்த நசுக்குற மாதிரி மட்டமா ரிப்பேர் பண்ணிக் குடுங்கறாரு. கையில சுத்தமா தொழில் இருக்கிறவன் அதச் செய்ய முடியுமா சார்? நான்தான் யோசன சொன்னேன். நாலு பழத்தையும் என்னோட டிவிஎஸ்-சுக்கு அடியில வச்சு, அவரு பேரச் சொல்லி நான் ஏத்துனேன். அது நல்லா நசுக்குச்சு. அதுக்கு நான் ரிப்பேர் பாத்ததே இல்ல. அன்னையிலேருந்து சொல்றேன், இந்த ஷெட்ட விட்டுப் போற எந்த வண்டியும் பழத்த நசுக்குனது கெடையாது.”

சேவியர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாசிலாமணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவருடைய வாய், அவரைக் கேட்காமலே, “ரிப்பேரே பண்ணிடுங்கண்ணே” என்றது.

சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்தது. டீ கிளாஸ் ஒரு சுற்றுப் போய் வந்தது. பாதிதான் சிந்தியிருந்தது. “நாலு மூலையும் ஒரே கை, ஒரே வேலை” என்றார் அருளானந்தம், மீதியைக் குடித்துக்கொண்டே. உள்ளே பிசின் போட்டாரா என்று கேட்க மாசிலாமணிக்குக் கூச்சமாக இருந்தது. கேட்காமலே, “அரை ஸ்பூனுதான் சார். ஊற வச்சுட்டுத்தான் போட்டேன்” என்று பதில் வந்தது.

மாசிலாமணி நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். மூன்றை அவரே வைத்தார். இடது பின்சக்கரத்துப் பழத்தை அருளானந்தம் வாங்கி, தன் கையால் வைத்தார். மாசிலாமணி வண்டியை எடுத்து நாலு அடி போய் நிறுத்தி, இறங்கிப் பார்த்தார்.

மூன்று பழம் சப்பையாகக் கிடந்தது. இடது பின்சக்கரத்துப் பழம் முழுசாக, பச்சை மாறாத காம்போடு, அப்படியே உட்கார்ந்திருந்தது.

“பாத்தீங்களா” என்றார் அருளானந்தம்.

எல்லாரும் அந்தப் பழத்தைத்தான் பார்த்தார்கள். சேவியர்கூட வந்து குனிந்து பார்த்தான். மாசிலாமணி அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மலையேறிப் போய் அகிலாண்டத்தை அழைத்தார். அவள் பின்னால், இடது பக்கம், சந்தேகத்தோடு உட்கார்ந்தாள். இறக்கத்தில் ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங் வழியாக ஏறி மாசிலாமணியின் தாடையில் வந்து தட்டியது. வத்தலக்குண்டு வரப்போகிற நேரத்தில், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்துகொண்டே கண்ணாடியைத் திருப்பினார். அகிலாண்டம் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் ஸ்டாண்ட் சத்தத்தில் விழித்து, “வந்தாச்சா?” என்றாள். அன்று ராத்திரி வீட்டில் ரசம் கொதித்தது.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தார், மூன்று நாள். நாலாம் நாள் ஒரு எண்ணம் வந்தது. தன் சீட்டில் அத்தனை குலுக்கல். அவள் மட்டும் எப்படித் தூங்கினாள்? உண்மையில் தூங்கினாளா, இல்லை வீட்டுக்கு வர மனசு வந்துவிட்டதால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா? அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை. பழத்திடம் கேட்கலாம் என்று தோன்றியது.

டேப்பை எடுத்துக்கொண்டு, நட்டு முறுக்க வேண்டும் என்று பொய் சொல்லி ஷெட்டுக்குப் போனார். அருளானந்தம் டீக்குப் போன நேரம் பார்த்துத் தரையை ஆராய்ந்தார். இடது பின்சக்கரம் நின்ற இடத்தில் சிமெண்ட் பெயர்ந்து ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. ஆழம் ஒன்றரை அங்குலம். பையில் இருந்த பழத்தை அளந்தார். ஒன்றேமுக்கால். பழம் பள்ளத்துக்குள் முழுசாக ஒளிந்திருந்தால் கதை பொய் என்று அன்றைக்கே முடித்திருக்கலாம். கால் அங்குலம் வெளியே நின்றிருக்கிறது. கால் அங்குலம் அழுத்தினால் பழம் நசுங்குமா? வீட்டில் பலகைக்கு அடியில் வைத்துப் பத்துப் பதினைந்து பழங்களை அழுத்திப் பார்த்தார். சிலது வெடித்தது. சிலது வெடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம். ஏன் என்று அவர் சொல்லவில்லை.

அப்புறம் வருஷங்கள் ஓடின. அகிலாண்டம் அந்த வண்டியைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டேன் என்று சொல்கிறவளாக மாறினாள். ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் மாசிலாமணி அந்தக் கதையைக் காதில் வாங்கினார். ஆடு ஒரு வருஷம் கன்றுக்குட்டியாயிற்று. பதினோரு பேர் பதினேழு பேர் ஆனார்கள். குஞ்சு வளர்ந்து சண்டைச் சேவலாகிப் பந்தயம் ஜெயித்தது. ஆனால் எலுமிச்சம்பழம் மட்டும் மாறவே இல்லை. நாலு பழம், நாலும் நசுங்கவில்லை. பொய் சொல்கிறவன் பழத்தையும் பூசணியாக்கியிருக்க மாட்டானா என்று நினைப்பார். நினைத்துவிட்டு, ஒரு மெக்கானிக்கின் புளுகுக்குச் சாட்சி தேடுகிறோமே, நம் புத்திக்கு என்ன ஆயிற்று என்றும் நினைப்பார். அதற்கு மேல் ஒரு கொடுமை: அருளானந்தம் புது ஆட்களிடம் கதையை முடிக்கும்போது, “சந்தேகம்னா சர்வேயர் சாரக் கேளுங்க. கண்ணால பாத்தவரு” என்று முடிக்க ஆரம்பித்திருந்தார்.

இந்த வருஷம் மாசிலாமணிக்கு இடுப்பு வலி வந்தது. அதே வருஷம் அகிலாண்டம் ஐம்பதைத் தாண்டி, லாரி பயத்தையும் தாண்டி, டிரைவிங் லைசென்ஸ் எடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது அவரைத் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாள்.

“நீங்க பின்னால என் எடத்துல உக்காருங்க. இடுப்புக்கு இதமா இருக்கும்.”

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் இடது பின்சீட்டில் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்பீட் பிரேக்கர் வந்தது. முன்னால் அகிலாண்டம் ஒரு குதி குதித்து “அம்மா” என்றாள். மாசிலாமணி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. காட்ரோடு தாண்டி மலைப்பாதை ஆரம்பித்தது. கல், குழி, வளைவு. முன்னால் அவளுடைய கொண்டை ஆடி ஆடி அவிழ்ந்தது. பின்னால் அவர் மெத்தையில் படுத்தது போல இருந்தார். இதையும் அளந்துவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

விழித்தபோது நாயுடுபுரம். அகிலாண்டம் கதவைத் திறந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“பதினோரு வருஷமா இப்பிடித்தான் ஓட்டுனீங்களா?”

“ஆமா.”

“சொல்ல வேண்டியதுதான?”

“நீ தூங்கிட்டு இருந்த.”

அவள் கொண்டையை முடிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்: “போயி அந்த மெக்கானிக்கிட்டக் கேட்டுட்டு வாங்க. கேட்டு, சரி பண்ணிட்டு வந்து என்னைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான்.”

மாசிலாமணி தனியாக மலையிறங்கினார். ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டு இறங்கினார். என்ன கேட்பது என்று யோசித்தார். பள்ளத்தைப் பற்றிக் கேட்கலாமா? கால் அங்குலத்தைப் பற்றிக் கேட்கலாமா? அந்தப் பழத்தை ஏன் அவர் கையால் வைத்தார் என்று கேட்கலாமா? பதினோரு வருஷமாகத் தயாராக வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்த ஒற்றைப் பழத்தைச் சுற்றியே நின்றன. வத்தலக்குண்டு எல்லைக்கு வந்தபோது அவருக்கு உடம்பு ஒருமுறை அதிர்ந்தது. இந்தத் தடவை அதற்குக் கல் காரணமில்லை.

ஷெட்டில் அருளானந்தம் ஒரு புது ஆளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, மூக்கு நுனியில் கிரீஸ் அப்படியே இருந்தது. சேவியர் சுத்தியலைக் கீழே வைத்திருந்தான். கதை முட்டையைத் தாண்டி, டிவிஎஸ்-சைத் தாண்டி, முடிகிற இடத்தில் இருந்தது.

“இந்த ஷெட்ட விட்டுப் போற எந்த வண்டியும் பழத்த நசுக்குனது கெடையாது. இதோ, சர்வேயர் சாரே வந்துட்டாரு. கண்ணால பாத்தவரு. நீங்களே கேட்டுக்கங்க.”

புது ஆள் திரும்பி மாசிலாமணியைப் பார்த்தார். சேவியரும் பார்த்தான். மாசிலாமணி சட்டையைச் சரி செய்துகொண்டு, அருளானந்தத்துக்கு எதிரே வந்து நின்றார்.

“அருளண்ணே, அந்த ஒரு பழம் ஏன் நசுங்கலன்னு நான் கேக்கல. அத நம்பிட்டேன். மத்த மூணும் ஏண்ணே நசுங்குச்சு?”